10 கிலோ கந்தகம் 10 கிராம் ஆன கதை!

தீக்குச்சியை உரசினால் சுருக்கென்று ஒரு நெடி மூக்கில் ஏறும். தீபாவளிப் பட்டாசு வெடித்தாலும் அதே நெடி வரும். அது கந்தகத்தின் நெடி.

இந்தக் கந்தகம் தீப்பெட்டியிலும் பட்டாசிலும் மட்டும் இல்லை. லாரிக்கும் பஸ்சுக்கும் ஊற்றும் டீசலிலும் இருக்கிறது.

1995-ம் ஆண்டு வரை, இந்தியாவில் விற்கும் ஒரு டன் டீசலில் 10 கிலோ கந்தகம் வரை இருக்கலாம் என்று அனுமதி இருந்தது. இன்று ஒரு டன்னில் 10 கிராம்தான் இருக்கலாம். ஆயிரத்தில் ஒரு பங்கு!

இதை ஒரு பஸ் கணக்காகப் பார்க்கலாம். 100 லிட்டர் டீசலின் எடை சுமார் 83 கிலோ. அன்று அதில் 830 கிராம் வரை கந்தகம் இருக்கலாம். இன்று ஒரு கிராம் கூட இருக்கக் கூடாது.

இந்த மாறுதல் தானாக வந்ததா? இல்லை. யார் செய்தார்கள்? எப்படிச் செய்தார்கள்? எடுத்த கந்தகம் எங்கே போயிற்று? வேலை முழுதும் முடிந்துவிட்டதா? பார்ப்போம்.

எண்ணெயில் கந்தகம் எப்படி வந்தது?

பூமிக்கு அடியிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்குக் கச்சா எண்ணெய் என்று பெயர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு கடலில் வாழ்ந்து மடிந்த சிற்றுயிர்கள் மண்ணில் புதைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து எண்ணெயாக மாறின. அப்போதே கந்தகமும் எண்ணெயோடு சேர்ந்துகொண்டது.

கந்தகம் குறைந்த எண்ணெயை 'இனிப்பு எண்ணெய்' என்கிறார்கள். கந்தகம் நிறைந்தது 'புளிப்பு எண்ணெய்'. 100-க்கு அரைப் பங்குக்கு மேல் கந்தகம் இருந்தால் அது புளிப்பு.

இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. ஈராக், சவுதி அரேபியா, ரஷியா ஆகிய நாடுகளிலிருந்து வரும் எண்ணெயில் பெரும்பகுதி புளிப்பு எண்ணெய்தான். ஆகவே கந்தகத்தைப் பிரிக்கும் வேலை நமக்கு மிகவும் அவசியமான வேலை.

பிரிக்காவிட்டால் என்ன?

கந்தகம் எரிந்தால் சும்மா போகாது. காற்றில் உள்ள பிராண வாயுவோடு சேர்ந்து, கந்தக டை ஆக்சைடு என்ற நச்சுப் புகை ஆகிறது. ஒரு கிலோ கந்தகம் எரிந்தால் இரண்டு கிலோ புகை! அது தொண்டையை எரிக்கும். மூச்சுக்குழலைச் சுருக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது எமன்.

அந்தப் புகை ஆகாயத்தில் மேலும் மாறிக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் ஆகிறது. அந்தத் துகள் நுரையீரலின் அடிவரை செல்லும். மழையோடு சேர்ந்தால் அமில மழை ஆகும். அமிலம் பயிரைக் கருக்கும், கல்லை அரிக்கும்.

குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள். அவர்கள் நுரையீரல் வளர்ந்துகொண்டிருக்கும் நுரையீரல். ஆகவே புகையின் கேடு அவர்களுக்குத்தான் அதிகம்.

நாறிய எண்ணெய்

எண்ணெயில் கந்தகம் இருப்பது புதிய தொல்லை அல்ல. 1885-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஓகையோ மாநிலத்தில் லீமா என்ற ஊரில் எண்ணெய் கிடைத்தது. ஊரே மகிழ்ந்தது. ஆனால் அந்த எண்ணெய் அழுகிய முட்டைபோல் நாறியது! விளக்கில் ஊற்றினால் வீடு முழுவதும் நாற்றம். விளக்குக் கண்ணாடியில் கரி படிந்தது. வாங்க ஆள் இல்லை.

கோடீசுவரர் ராக்பெல்லர் மட்டும் அந்த எண்ணெயை வாங்கிச் சேர்த்தார். அவருடைய கூட்டாளிகளே "இது வீண் வேலை" என்றார்கள். அவர் கேட்கவில்லை. கந்தகத்தை எடுக்க ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்று ஹெர்மன் பிராஷ் என்ற ரசாயன நிபுணரை வேலைக்கு அமர்த்தினார்.

பிராஷ் ஜெர்மனியில் பிறந்தவர். இளம் வயதில் அமெரிக்கா சென்றவர். அவர் எண்ணெயைத் தாமிர ஆக்சைடோடு சேர்த்துப் பார்த்தார். கந்தகம் தாமிரத்தைப் பிடித்துக்கொண்டது. எண்ணெய் தெளிந்தது. நாறிய எண்ணெய் நல்ல எண்ணெய் ஆயிற்று!

அதே பிராஷ் பிறகு இன்னொரு வேலையும் செய்தார். பூமிக்கு அடியில் கிடக்கும் கந்தகத்தைக் கொதிநீரால் உருக்கி மேலே கொண்டுவரும் வழியை 1894-ல் செய்து காட்டினார். எண்ணெயிலிருந்து கந்தகத்தை விரட்டியவர்தான், மண்ணிலிருந்து கந்தகத்தை வரவழைத்தார்!

இன்று பிரிப்பது எப்படி?

கச்சா எண்ணெயை முதலில் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். அதில் உள்ள உப்பு நீங்கிவிடும். உப்பு இருந்தால் குழாய்களை அரித்துவிடும். பிறகு எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கிறார்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று தனித்தனியாக வரும்.

ஆனால் காய்ச்சினால் மட்டும் கந்தகம் போகாது. ஏன்? கந்தகம் எண்ணெயில் மிதக்கும் தூசி அல்ல. எண்ணெயின் மூலக்கூறுக்குள்ளேயே பிணைந்து கிடக்கிறது. துணியில் ஒட்டிய மண்ணை உதறலாம். துணியோடு சேர்த்து நெய்த நூலை உதற முடியுமா?

அதற்கு ஹைட்ரஜன் வாயு வேண்டும். டீசலையும் ஹைட்ரஜனையும் கனத்த இரும்புக் கொப்பரையில் செலுத்துகிறார்கள். உள்ளே சூடு 300 முதல் 400 டிகிரி வரை. அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் பல பத்து மடங்கு.

கொப்பரைக்குள் சிறு சிறு குச்சிபோன்ற உருண்டைகள் நிரம்பியிருக்கும். அவற்றில் கோபால்ட், மாலிப்டினம் என்ற உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். இவற்றுக்கு வினையூக்கி என்று பெயர். கல்யாணத் தரகரைப்போல இவை வேலை செய்கின்றன. கந்தகத்தை எண்ணெயிடமிருந்து பிரித்து ஹைட்ரஜனோடு சேர்த்து வைக்கின்றன. சேர்த்து வைத்தபின் தாம் ஒதுங்கி நின்று அடுத்த ஜோடியைப் பார்க்கின்றன.

எண்ணெயில் உள்ள நைட்ரஜனும் இதே முறையில் அம்மோனியாவாக வெளியேறும்.

கடைசிக் கல்

அரிசியில் கல் பொறுக்கும் தாய்மாருக்கு இது தெரியும். பெரிய கல் உடனே கண்ணில் படும். அரிசி நிறத்தில், அரிசி அளவில் இருக்கும் கல்லைத் தேடித்தான் கண் பூத்துப் போகும்.

டீசலிலும் அப்படித்தான். முதல் 9 கிலோ கந்தகம் சுலபமாக வந்துவிடும். கடைசிச் சில நூறு கிராம்தான் அடம் பிடிக்கும். அது எண்ணெயின் கிளைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். அதை எடுக்க அதிக அழுத்தம் வேண்டும், அதிக ஹைட்ரஜன் வேண்டும், பெரிய கொப்பரை வேண்டும். ஆகவேதான் செலவு கூடுகிறது.

நாட்டு எண்ணெய் ஆலைகளைக் கடைசிக் கட்டத்துக்குத் தயார் செய்ய 28 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஆகும் என்று 2016-ல் அரசாங்கம் கணக்குப் போட்டது.

சுத்தத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஹைட்ரஜனைப் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்துதான் தயாரிக்கிறார்கள். அப்போது கரியமில வாயு வெளியேறுகிறது. ஊர்த்தெருவில் புகை குறைகிறது. ஆலையில் கொஞ்சம் கூடுகிறது.

விஷம் பொருளாகிறது

பிரிந்த கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவாக வெளிவரும். இதுதான் அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணம். பொல்லாத வாயு! கொஞ்சம் இருந்தால் நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். இன்னும் கூடினால் ஆளைக் கொல்லும். எண்ணெய் ஆலைத் தொழிலாளர்கள் இந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவியை உடம்பில் மாட்டிக்கொண்டு வேலை செய்வது இதற்காகத்தான். நாம் சுத்தமான மூச்சு விட அவர்கள் ஆபத்தின் அருகில் நிற்கிறார்கள்.

இந்த வாயுவை வெளியே விடுவதில்லை. கார்ல் கிளாஸ் என்ற ரசாயன நிபுணர் 1883-ல் பதிவு செய்த முறையை வைத்து இதைத் திரும்பக் கந்தகமாக மாற்றுகிறார்கள். மஞ்சள் மஞ்சளாக உருகி ஓடும். ஆறினால் கட்டியாகும்.

அதைக் கந்தக அமிலமாக்கி, அமிலத்தைக் கொண்டு பாஸ்பேட் உரம் செய்கிறார்கள். லாரிப் புகையில் போய் நெஞ்சை அடைத்திருக்க வேண்டிய கந்தகம், வயலுக்கு எருவாகப் போகிறது!

உலகில் இன்று கிடைக்கும் கந்தகத்தில் பெரும்பங்கு எண்ணெயையும் இயற்கை வாயுவையும் சுத்தம் செய்வதால் வருவதுதான். இதனால் பிராஷ் முறையில் இயங்கிய அமெரிக்கச் சுரங்கங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவற்றில் கடைசிச் சுரங்கம் 2000-ம் ஆண்டில் மூடப்பட்டது.

தாஜ்மகால் தந்த தேதி

கந்தகத்தை எடுக்கும் வழி நூறு ஆண்டுகளாகத் தெரியும். பிறகு இந்தியாவில் ஏன் 1995 வரை 10 கிலோ இருந்தது? யாரும் தேதி குறிக்கவில்லை! அதுதான் காரணம்.

தாஜ்மகாலுக்கு அருகில், மதுராவில், 1982-ல் ஒரு எண்ணெய் ஆலை ஓடத் தொடங்கியது. ஆக்ராவைச் சுற்றி இரும்பு வார்க்கும் உலைகளும் ஏராளம். கந்தகப் புகையால் வெள்ளைச் சலவைக்கல் மஞ்சளாகிறது என்று வக்கீல் எம்.சி. மேத்தா 1984-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். டெல்லி வாகனப் புகையைப் பற்றி 1985-ல் இன்னொரு வழக்கும் போட்டார்.

1996 டிசம்பர் 30-ந் தேதி தாஜ்மகால் வழக்கில் தீர்ப்பு வந்தது. அந்தப் பகுதியில் உள்ள 292 தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டு வாயுவுக்கு மாற வேண்டும், அல்லது இடம் பெயர வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது.

டீசலுக்கும் படிப்படியாகத் தேதி வந்தது. ஒரு டன் டீசலில் எவ்வளவு கந்தகம் இருக்கலாம் என்ற கணக்கு இதோ:

1996: டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலும் தாஜ்மகால் பகுதியிலும் 5 கிலோ.

2000: நாடு முழுவதும் இரண்டரை கிலோ.

2005: நாடு முழுவதும் 500 கிராம்.

2010: நாடு முழுவதும் 350 கிராம். பெரிய நகரங்களில் 50 கிராம்.

2017: நாடு முழுவதும் 50 கிராம்.

2020 ஏப்ரல் 1: நாடு முழுவதும் 10 கிராம்.

கடைசியில் ஒரு தாவல் தாவினார்கள். பாரத் ஸ்டேஜ் என்ற இந்தப் படிகளில் நான்காவது படியிலிருந்து ஐந்தாவதை விட்டுவிட்டு நேராக ஆறாவது படிக்கு ஏறுவது என்று 2016 ஜனவரியில் அரசாங்கம் முடிவு செய்தது. டீசலில் 10 கிராம் என்ற வரம்பை ஐரோப்பா 2009-ல் எட்டியது. இந்தியா 2020-ல் எட்டியது.

இந்த எண்ணெய் நாடு முழுவதும் கிடைத்த அன்று ரோடுகளில் வண்டியே இல்லை. கொரோனா ஊரடங்கு!

சென்னைக்கு வடக்கே மணலியில் உள்ள ஆலையும் இந்த மாறுதலைச் செய்தது. 1965-ல் கம்பெனி தொடங்கி, 1969-ல் ஆலை ஓடத் தொடங்கியபோது அது ஆண்டுக்கு 25 லட்சம் டன் எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை. இன்று அதன் அளவு 1 கோடியே 5 லட்சம் டன்.

எண்ணெய் மட்டும் போதுமா?

போதாது. எண்ணெயும் என்ஜினும் மாடும் வண்டியும் போல. ஒன்று மட்டும் நல்லதாக இருந்தால் பயணம் நடக்காது.

புதிய டீசல் வண்டிகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நச்சுப் புகையை மாற்றும் கருவியும் உண்டு. கந்தகம் நிறைந்த டீசலை ஊற்றினால் இந்தக் கருவிகள் பாழாகும். ஆகவே சுத்தமான எண்ணெய் வந்தால்தான் நல்ல கருவியை மாட்ட முடியும். ஆறாவது படிக்கு மாறிய டீசல் கார்கள் விடக்கூடிய கரித்துகளின் அளவு, முந்திய படியைவிட 100-க்கு 80 பங்கு குறைந்தது.

ஆனால் கம்பெனிகள் பழைய வண்டிகளைத் தயாரித்து வைத்துக்கொண்டு, "இவற்றை விற்றுக்கொள்ள அவகாசம் கொடுங்கள்" என்று கேட்டன. 2017 மார்ச் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது. ஏப்ரல் 1-ந் தேதி முதல் மூன்றாவது படி வண்டிகளை விற்கக் கூடாது என்றது. கையிருப்பில் இருந்தவை சுமார் 8 லட்சத்து 24 ஆயிரம் வண்டிகள்! இரண்டே நாளில் விலையைக் குறைத்துக் கூவி விற்றார்கள். வியாபாரிகளின் லாபத்தைவிட மக்களின் உடல்நலம் பெரிது என்பதே கோர்ட்டின் கருத்து.

2018 அக்டோபரில் அதே பாடம் மறுபடியும் சொல்லப்பட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நான்காவது படி வண்டிகளை விற்கக் கூடாது என்று கோர்ட்டு முன்கூட்டியே அறிவித்தது.

ஆனாலும் பழைய லாரிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் வடிகட்டி இல்லை. நல்ல டீசல் ஊற்றினால் கந்தகப் புகை குறையும். கரிப்புகை அவ்வளவாகக் குறையாது. மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுகிறவர்களோ பாடுபட்டு எடுத்த கந்தகத்தைத் திரும்பவும் ஊற்றுகிறார்கள்.

கடலிலும் நிலத்திலும் பாக்கி

கப்பல்கள் எரிப்பது எண்ணெய் ஆலையில் அடியில் தங்கும் கனத்த எண்ணெய். அதில் ஒரு டன்னுக்கு 35 கிலோ கந்தகம் வரை இருக்கலாம் என்று முன்பு விதி இருந்தது. உலகக் கடல் அமைப்பு 2020 ஜனவரி 1-ந் தேதி முதல் அதை 5 கிலோவாகக் குறைத்தது. பெரிய குறைப்புதான். ஆனாலும் லாரி டீசலின் 10 கிராமோடு ஒப்பிட்டால் இது இன்னும் 500 மடங்கு!

நிலத்தில் பாக்கி இருப்பது நிலக்கரி. நிலக்கரியிலும் கந்தகம் உண்டு. மின்சார நிலையங்களின் புகைபோக்கியில் கந்தகத்தைப் பிடிக்கும் கருவி மாட்ட வேண்டும் என்று 2015 டிசம்பரில் மத்திய அரசாங்கம் விதி செய்தது. இரண்டு ஆண்டு தவணை கொடுத்தது. தவணை நீண்டது. மறுபடியும் நீண்டது. 2025 ஜூலையில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட மின் நிலையங்களுக்கு இந்தக் கருவி கட்டாயம் இல்லை என்று அறிவிப்பு வந்தது. பெரிய நகரங்களுக்கு அருகில் உள்ளவற்றுக்கு மட்டும் 2027 டிசம்பர் வரை தவணை.

அரசாங்கம் சொல்லும் காரணம் என்ன? இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு. பெரும்பாலான ஊர்களில் காற்றில் உள்ள கந்தகப் புகை அளவுக்குள்தான் இருக்கிறது. கருவிக்குச் செலவு அதிகம். மின்சாரக் கட்டணம் உயரும் என்பதே. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. மின்சாரக் கட்டணம் உயர்ந்தால் ஏழை வீட்டுக்கும் சுமைதான்.

ஆனால் எதிர்வாதமும் பலமானது. நிலக்கரியில் கந்தகம் குறைவு என்றாலும் எரிக்கும் நிலக்கரி மலையளவு. புகையாக அளந்தால் குறைவாகத் தெரியும். ஆனால் அது நுண்துகளாக மாறிப் பல நூறு மைல் பறக்கிறது. ஆலை ஓர் ஊரில், இருமல் இன்னோர் ஊரில்!

சொல்லும் பாடம்

டீசலுக்கும் நிலக்கரிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் கந்தகத்தைப் பிடிக்கும் வழி உண்டு. இரண்டுக்கும் பணம் வேண்டும். இரண்டிலும் "முடியாது, செலவாகும்" என்று சொன்னவர்கள் உண்டு. ஒன்றில் தேதி குறித்து, அந்தத் தேதியைக் கோர்ட்டு காவல் காத்தது. 10 கிலோ 10 கிராம் ஆயிற்று. மற்றதில் தேதி தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் விதியே தளர்ந்தது.

செலவு என்று சொல்லும்போது ஒரு கணக்கை நாம் மறந்துவிடுகிறோம். ஆலையில் கருவி மாட்டாவிட்டால் செலவு மறைந்துபோவதில்லை. அது ஆஸ்பத்திரிச் சீட்டாகவும், மருந்துக் கடை பில்லாகவும், வேலைக்குப் போக முடியாத நாளாகவும் வீடு தேடி வருகிறது. அந்தச் செலவை எந்தக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலும் எழுதுவதில்லை.

குடும்பத்தார் செய்யக்கூடியதும் உண்டு. வண்டிக்குப் புகைச் சோதனையைக் காலத்தில் செய்யலாம். பள்ளிக்கூட வாசலில் என்ஜினை ஓடவிட்டு நிற்காமல் அணைக்கலாம். டீசலில் எதையும் கலக்காமல் இருக்கலாம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "எங்கள் ஊர்ப் புகைக்கு எந்தத் தேதி குறித்திருக்கிறீர்கள்?" என்று கேட்கலாம்.

சோற்றில் கல் கிடந்தால் நாம் சும்மா இருப்பதில்லை. மூச்சில் கல் கிடந்தால் மட்டும் சும்மா இருக்கலாமா?